வெங்காயத்தாமரை அகன்றபின் பச்சையான ஏரி: டெல்டாவில் ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு பாசன ஏரியைப் பல ஆண்டுகளாக வெங்காயத்தாமரை கரை முதல் கரை வரை மூடியிருந்தது. ஊரார் பணம் திரட்டி, ஒரு வைகாசியில் பொக்லைன் வைத்து அதை முழுவதும் அள்ளிக் கரையேற்றினார்கள். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியபோது வெகுகாலத்துக்குப் பிறகு வெறும் தண்ணீர் கண்ணில் பட்டது. ஆனால் அடுத்த பங்குனியில் அதே தண்ணீர் அடர்பச்சையாக மாறியது. காற்று தள்ளும் பக்கத்தில் பசும்படலம் திரண்டு நாற்றமெடுத்தது. ஒரு விடியற்காலையில் குத்தகைக்கு வளர்க்கப்பட்ட கட்லாவும் ரோகுவும் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அதன் பிறகே நான் அந்த ஏரியைப் பார்க்க அழைக்கப்பட்டேன். மீன் குத்தகை குறித்த தகராறு இன்னும் தீராததால் ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஊராரின் கேள்வி இரண்டு பகுதிகள் கொண்டது. மீனுக்கு யார் விஷம் வைத்தார்கள் என்பது ஒன்று. களையை எடுத்துச் சுத்தம் செய்த ஏரி முன்பைவிட மோசமானது ஏன் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரே நாளில் விடை கிடைத்தது. இரண்டாவதுதான் இந்த ஆய்வின் பொருள், ஏனென்றால் டெல்டாவில் இப்போது பல ஊர்களில் இளைஞர்கள் ஒன்றுகூடி ஏரி குளங்களைத் தூய்மைப்படுத்தி வருகிறார்கள், அவர்களின் உழைப்பு வீணாகக் கூடாது.

ஏரியின் நிலை

ஏரியின் பரப்பு ஐம்பது ஏக்கர், அதாவது ஏறத்தாழ 20 ஹெக்டேர். நிரம்பிய நிலையில் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கும். காவிரித் தண்ணீர் ஒரு கிளை வாய்க்கால் வழியே வடக்கு மூலையில் நுழைகிறது. தெற்கில் இரண்டு மதகுகளும், மிகுதி நீர் வழிந்தோடும் ஒரு கலுங்கும் உள்ளன. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுவதால், ஆண்டின் ஏறத்தாழ ஏழரை மாதங்கள் ஏரிக்கு ஆற்று வரத்து உண்டு என்பது ஏட்டளவிலான கணக்கு. கடைமடையில் இருக்கும் இந்த ஏரிக்குத் தண்ணீர் தாமதமாக வந்து முன்னதாகவே நின்றுவிடுகிறது.

ஆறு நின்ற பிறகும் ஏரிக்குள் ஒரு வரத்து நிற்பதில்லை. மேற்குக் கரையை ஒட்டி வளர்ந்துள்ள குடியிருப்பின் சாக்கடை, ஒரு குழாய்ப் பாலத்தின் அடியில் ஏரிக்குள் வந்து விழுகிறது. கழிப்பறைத் தொட்டிகளின் வழிநீரும் சலவைத் தண்ணீரும் அதில் கலந்தே வருகின்றன. மாசி முதல் ஆனி வரை, வெயிலில் தண்ணீர் ஆவியாகிச் சுருங்கிக்கொண்டே போகும் மாதங்களில், ஏரிக்கு வந்து சேரும் ஒரே புதுத்தண்ணீர் இந்தச் சாக்கடைதான். டெல்டாவின் கோடை ஏரிகளைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டால் மற்ற எதுவும் விளங்காது.

பழைய ஏரியைப் பற்றி வயதானவர்கள் சொன்னதையும் கேட்டுப் பதிவு செய்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்கடியில் வேலம்பாசி என்ற நீர்ச்செடி அடர்ந்திருந்ததாகவும், அல்லியும் தாமரையும் கிழக்கு ஓரத்தில் இருந்ததாகவும், படித்துறையில் நின்றால் காலடிப் படி தெரிந்ததாகவும் அவர்கள் கூறினர். பிறகு வெங்காயத்தாமரை வந்தது. கரையோரம் நெய்வேலி காட்டாமணக்கு பிடித்துக்கொண்டது. தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைத் தாயகமாகக் கொண்ட வெங்காயத்தாமரை, சத்து மிகுந்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வாரங்களுக்குள்ளேயே தன் பரப்பை இரட்டிப்பாக்கக் கூடியது. அது மூடிய பின் அடித்தரைக்கு வெளிச்சம் இல்லாமல் வேலம்பாசி அழிந்தது.

மீன்கள் காட்டிய தடயம்

செத்த மீன்களைவிடச் சாகாத மீன்களே காரணத்தைத் தெளிவாகக் காட்டின. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் மடிந்திருந்தன. அவற்றிலும் பெரியவையே முதலில் மடிந்ததாக வலை போடுபவர்கள் சொன்னார்கள். ஆனால் அதே நாளில் விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் உயிருடன் பிடிபட்டன. இம்மூன்றும் செவுளோடு நில்லாமல் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பமைப்பு கொண்டவை. விஷம் கலக்கப்பட்டிருந்தால் அது இப்படி இனம் பார்த்து விட்டுவைக்காது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்தால் மட்டுமே இவ்வாறு நடக்கும். முந்தைய சில நாள்களாகவே மீன்கள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்ததையும், வெயில் ஏறியதும் கீழே இறங்கிவிட்டதையும் காவலாளி கண்டிருக்கிறார். அவருக்கு அதன் பொருள் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இறைப்பு இயந்திரத்தை வைத்துத் தண்ணீரைச் சுழற்றி ஒரு பகுதி மீனையாவது காப்பாற்றியிருக்கலாம்.

30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். 20 டிகிரியில் 9 மில்லிகிராமுக்கு மேல் கரையும். கோடை ஏரியின் கையிருப்பு தொடக்கத்திலேயே குறைவு. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை அளவுக்கு மீறி நிரப்புகிறது. அதே வேளையில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி, அம்மோனியா மீனுக்கு நஞ்சாகும் வடிவத்துக்கு மாறுகிறது. இரவில் பாசியும் மீனும் சேற்றின் நுண்ணுயிர்களும் சேர்ந்து அந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. மேகமூட்டமான ஒரு நாளும் காற்றில்லாத ஓர் இரவும் அடுத்தடுத்து அமைந்தால் விடியலுக்கு முன் இருப்பு தீர்ந்துவிடும். இங்கே நடந்ததும் இதுதான்.

தண்ணீரில் இருந்தது எது

20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பது ஏரி ஆய்வின் மிக எளிய அளவீடு. இத்தாலியரான ஆஞ்சலோ செக்கி 1865-இல் தொடங்கி வைத்த முறை இது. இந்த ஏரியில் தட்டு ஒரு சாண் ஆழத்துக்குள் மறைந்தது. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை எடுத்து அசையாமல் வைத்தபோது சிறிது நேரத்தில் பசுந்துகள்கள் மேலே எழும்பிக் கழுத்தில் வளையமாகக் கூடின. பச்சைப்பாசியாக இருந்தால் தண்ணீரோடு கலந்தே நிற்கும், இல்லையேல் மெல்லக் கீழே படியும்; மேலே எழும்புபவை பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிகளே. அவற்றின் உயிரணுக்களுக்குள் நுண்ணிய வாயுப்பைகள் உள்ளன. நுண்ணோக்கியில் மைக்ரோசிஸ்டிஸ் திரள்கள் மிகுதியாகவும், அவற்றிடையே அனபீனா இழைகளும் தெரிந்தன.

இந்த இரண்டின் பெயரும் முக்கியம். மைக்ரோசிஸ்டிஸ் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கக் கூடியது; வாழ்நாள் முழுவதும் அருந்தும் குடிநீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. காய்ச்சினாலும் இந்த நஞ்சு அழியாது. இத்தகைய பாசிப்படலம் மிதந்த தண்ணீரைக் குடித்துக் கால்நடைகள் மடிந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் தென் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கண்டு 1878-இலேயே எழுதியிருக்கிறார். நஞ்சை அளக்கும் வசதி எங்களிடம் இல்லாததால், இருப்பதாகவே கொண்டு, படலம் ஒதுங்கும் கரையில் மாடுகளைத் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டோம். அனபீனாவோ காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. நைட்ரஜன் உரமான யூரியாவின் வரத்தைக் குறைத்தால் பாசி குறையும் என்று ஒரு வேளாண் நண்பர் கருதினார். இவ்வகைப் பாசி உள்ள ஏரியில் அந்த வழி பெரிதாகப் பயன் தராது. கட்டுப்படுத்த வேண்டியது பாஸ்பரஸ்.

கனடாவின் ஒண்டாரியோவில் 226 என்ற எண்ணால் குறிக்கப்படும் ஏரியை 1973-இல் ஒரு திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. குளிர்நாட்டு ஏரியின் முடிவை அப்படியே டெல்டாவுக்குப் பொருத்த முடியாது என்றாலும், அளவு சிறிதாயினும் ஆட்சி செய்வது பாஸ்பரஸ்தான் என்ற செய்தி இங்கும் செல்லும்.

கரையில் கிடந்த உரம்

ஊரார் மனவருத்தத்தோடு கேட்ட இரண்டாம் கேள்விக்கு விடை ஏரிக்குள் இல்லை, கரையில் குவிந்து கிடந்தது. அள்ளிய வெங்காயத்தாமரையை அப்புறப்படுத்த வண்டி வாடகைக்குப் பணம் போதாமல், கரையின் உட்சரிவிலேயே நெடுகக் கொட்டியிருந்தார்கள். இதன் விளைவைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் ஊர்க்கூட்டத்தில் நம்பிக்கை ஏற்படுத்தியது இந்தக் கணக்குதான்.

அடர்ந்து வளர்ந்த வெங்காயத்தாமரை ஒரு ஹெக்டேரில் பச்சை எடையாக 200 டன் அளவுக்கு இருக்கும். அதில் 95 விழுக்காடு வெறும் தண்ணீர். உலர்பொருள் 10 டன். உலர்பொருளில் பாஸ்பரஸ் 0.3 முதல் 0.5 விழுக்காடு என்று கொண்டால், ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 40 கிலோ. 20 ஹெக்டேருக்கு 800 கிலோ. ஒரு 50 கிலோ டிஏபி உர மூட்டையில் 46 விழுக்காடு பாஸ்பரஸ் பென்டாக்சைடு, அதாவது 10 கிலோ தனிப்பாஸ்பரஸ் உண்டு. ஆகவே கரையின் உட்சரிவில் கிடந்தது 80 மூட்டை டிஏபிக்கு ஈடான பாஸ்பரஸ்.

ஏரியில் நிறைநிலையில் 3 லட்சம் கனமீட்டர் தண்ணீர் நிற்கிறது. ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் அந்த ஏரி சத்து மிக மிஞ்சிய நிலையை அடைந்துவிட்டது என்பது ஏரியியலார் பரவலாகக் கொள்ளும் எல்லை. இந்த ஏரிக்கு அந்த எல்லையைத் தொட 30 கிலோ பாஸ்பரஸ் போதும். மூன்று மூட்டை டிஏபி. குவியலில் இருந்த 800 கிலோவில் நூற்றுக்கு நான்கு பங்கு மழையில் கரைந்து திரும்பினாலே போதுமானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அழுகிய குவியலிலிருந்து இறங்கியது நான்கு பங்குக்கு மிகவும் கூடுதல் என்பதே என் மதிப்பீடு. ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கு மேல் உலர்ந்த பாசியை உருவாக்கப் போதுமானது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு முன்னும் ஏரியில் பாஸ்பரஸ் இருந்ததே, அப்போது ஏன் பாசி இல்லை என்று ஓர் ஆசிரியை கேட்டார். மிகச் சரியான கேள்வி. வெங்காயத்தாமரை மூடியிருந்தவரை சத்து இருந்தது, வெளிச்சம் இல்லை. அதை எடுத்த நாளில் வெளிச்சம் வந்தது, சத்தும் இருந்தது, ஆனால் அந்தச் சத்தைப் போட்டியிட்டு எடுத்துக்கொள்ள வேலம்பாசியோ தாமரையோ இல்லை. ஆழமற்ற ஏரி ஒன்று, அதே அளவு சத்தைக் கொண்டே, தண்ணீருக்கடியில் செடி நிறைந்த தெளிந்த ஏரியாகவும் இருக்கலாம், பாசி நிறைந்த கலங்கல் ஏரியாகவும் இருக்கலாம் என்பதும், ஒரு நிலையில் நிலைத்துவிட்டால் எளிதில் மறுநிலைக்குத் திரும்பாது என்பதும் 1990-களில் ஐரோப்பிய ஏரி ஆய்வுகள் தெளிவாக்கிய செய்தி. அடிச்செடிகள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மறைவிடம் தருகின்றன. அவை இல்லாதபோது சேறு கலங்கி, கலங்கல் வெளிச்சத்தை மறைத்து, செடி மீண்டும் முளைக்காமல் போகிறது.

செடி முளைத்திருந்தாலும் இங்கே தங்கியிருக்காது. களை வராமல் இருக்கட்டும் என்று குத்தகைதாரர் புல்கெண்டை விட்டிருந்தார். அது வெங்காயத்தாமரையை விரும்பித் தின்பதில்லை. இளம் வேலம்பாசியைத்தான் முதலில் தின்னும். அடித்தரையைக் கிளறும் சாதாக்கெண்டையும் ஜிலேபிக் கெண்டையும் மிகுதியாக இருந்தன. மீன் பருக்க வேண்டும் என்று கோழி எருவும் கொட்டப்பட்டது. ஒரு டன் கோழி எருவில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கும். குத்தகைதாரர் செய்தது பலரும் செய்யும் வழக்கமே, நட்டத்தின் பெரும்பகுதியைச் சுமந்தவரும் அவரே என்பதால் அவரைக் குற்றம் சாட்டும் பேச்சை ஊர்க்கூட்டத்தில் நான் ஏற்கவில்லை.

சாக்கடையின் பங்கையும் கணக்கிட்டோம். ஒரு மனிதரிடமிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. ஐந்நூறு பேரின் கழிவு ஓராண்டில் 180 கிலோவுக்கு மேல். அதில் பாதி தொட்டியிலும் மண்ணிலும் தங்கிவிட்டாலும், மீதி, ஏரியின் எல்லை அளவாகிய 30 கிலோவைப் போல மூன்று மடங்கு. வயல் வடிகாலின் பங்கு இதற்குப் பிறகே வருகிறது, ஏனென்றால் டெல்டாவின் களிமண் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அடியுரம் இட்ட உடனே கனமழை பெய்து வரப்பு உடையும் நாள்களில் மட்டும் அது மண்ணோடு சேர்ந்து வாய்க்காலுக்கு வருகிறது.

மருந்து தேடியபோது

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) தூவினால் பாசி செத்துவிடும் என்று பலர் வற்புறுத்தினார்கள். சாகும் என்பது உண்மை. ஆனால் சாகும் உயிரணு வெடித்து உள்ளிருக்கும் நஞ்சை மொத்தமாகத் தண்ணீரில் விடுகிறது. ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் குடிநீர்த் தேக்கத்தின் பாசிக்கு மயில்துத்தம் இட்ட சில நாள்களில் 148 பேர் நோய்வாய்ப்பட்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். தவிர, செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போகும், செம்பு சேற்றில் தங்கும். இந்த யோசனையை அழுத்தமாக மறுத்தேன். வெங்காயத்தாமரை மீண்டும் தலைகாட்டும் ஓரங்களில் களைக்கொல்லி அடிப்பதையும் அதே காரணத்தால் தடுத்தோம், ஏனென்றால் மருந்தில் செத்த செடி மூழ்கித் தன் பாஸ்பரஸை முழுவதும் சேற்றுக்கே கொடுத்துவிடுகிறது.

மழைக்காலத் தண்ணீரை மிகுதியாக விட்டுக் கலுங்கு வழியே ஏரியை அலசிவிடலாம் என்ற யோசனை ஓரளவு பயன் தரும். அந்தத் தண்ணீர் அடுத்த ஊரின் குளத்துக்குப் போகிறது என்பதால் எனக்கு அதில் முழு மனம் இல்லை.

செய்தது வேறு. கரைச் சரிவில் மிஞ்சியிருந்த மக்கிய குவியலைத் தென்னந்தோப்புக்காரர்கள் தாங்களே ஏற்றிச் சென்றார்கள்; எரு என்று தெரிந்தபின் வண்டி வாடகை ஒரு சிக்கலாகவே இல்லை. அடுத்த கோடையில் ஏரியைப் பெருமளவு வற்றவிட்டு, வடக்குப் பாதியின் மேல்சேற்றை வண்டலாக வயல்களுக்கு எடுக்க முறைப்படி அனுமதி பெறப்பட்டது. இது பழைய வழக்கம்தான், ஆனால் ஏரியியல் நோக்கிலும் மிகச் சரியானது. சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், அடித்தரையில் ஆக்சிஜன் தீரும் ஒவ்வோர் இரவும் பிணைப்பு அவிழ்ந்து தண்ணீருக்குத் திரும்புகிறது. வெளிவரத்தை முழுவதும் நிறுத்தினாலும் சேற்றின் இந்தக் கொடை ஆழமற்ற ஏரிகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நீடிக்கலாம். ஸ்வீடனின் டிரம்மன் ஏரியில் 1970, 1971 ஆண்டுகளில் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகே தண்ணீர் தேறியது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரி 1960-களில் சாக்கடையைத் திருப்பிய சில ஆண்டுகளில் தெளிந்ததைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அது மிக ஆழமான ஏரி, நம் ஏரிகளுக்கு அது அளவுகோல் ஆகாது.

சேற்றை அள்ளும்போது வேலம்பாசியின் விதையும் கிழங்கும் உள்ள கிழக்கு ஓரத்தைத் தொடாமல் விட்டோம். புல்கெண்டையையும் சாதாக்கெண்டையையும் வலைபோட்டு எடுத்துவிட்டு, விரால் குஞ்சுகளைக் கூடுதலாக விட்டோம்.

பின்னர் கண்டது

முதல் ஆண்டில் மாற்றம் சிறிதே. கார்த்திகையில் வண்டல் கலந்த பழுப்புத் தண்ணீர்; மாசியில் பச்சை திரும்பியது, ஆனால் படலமாகத் திரளவில்லை, மீனும் சாகவில்லை. இரண்டாம் ஆண்டில் கிழக்கு ஓரத்தில் வேலம்பாசி ஒரு பட்டையாகப் பிடித்தது. அந்தப் பட்டைக்குள் தட்டு முழங்கால் ஆழம் வரை தெரிந்தது, வெளியே அதில் பாதி ஆழத்தில் மறைந்தது. ஒரே ஏரியில் இரு நிலைகளும் அருகருகே நிற்பதை ஊரார் தம் கண்ணால் பார்த்தது நல்லதாயிற்று. வெங்காயத்தாமரையும் முளைக்கவே செய்கிறது. அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு மாதமும் ஓரங்களில் கையால் பறித்து, அன்றே கரையின் வெளிப்புறத்துக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்க்க இளைஞர்கள் முறை வைத்திருக்கிறார்கள்.

மேற்குப் பகுதி இன்னும் பச்சையாகவே இருக்கிறது. சாக்கடை அங்கேதான் விழுகிறது. அதை ஏரிக்கு வெளியே புறம்போக்கில் ஒரு குட்டைக்குத் திருப்பி, சம்பும் கோரையும் வளர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை அறுத்து வெளியேற்றும் திட்டத்துக்கான மதிப்பீடு ஊராட்சியிடம் இருக்கிறது. அறுவடை செய்யாவிட்டால் அந்தக் குட்டையும் சில ஆண்டுகளில் நிறைந்து பாஸ்பரஸைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும் என்பதால், அறுப்புக்கான செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்த மீன் ஏலத்தில் கோழி எரு கூடாது, புல்கெண்டை கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை எழுத ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்டுள்ளது. அதனால் ஏலத்தொகை குறையும் என்பதும் கூட்டத்தில் சொல்லப்பட்டு ஏற்கப்பட்டது. குட்டை வேலை ஜனவரியில் ஆற்று வரத்து நிற்பதற்கு முன் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் வரும் கோடையிலும் மேற்குக் கரையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது.